தைரியம் பிறகு வரும்

"எனக்குக் கணக்கு வராதுங்க." "மேடை ஏறினா நாக்கு ஒட்டிக்கும்." "ஸ்கூட்டியெல்லாம் இந்த வயசுக்கு மேல நமக்கு ஒத்து வராது."

டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இப்படி நாலு பேச்சு காதில் விழும். சொல்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை. பொய் சொல்கிறவர்களும் இல்லை. ரத்த வகையைக் கேட்டால் சொல்வதுபோல, தங்களைப் பற்றிய ஒரு தகவலாகத்தான் இதையும் சொல்கிறார்கள். அந்தத் தகவல் எப்படி உண்டாகிறது, ஏன் இத்தனை வருஷம் அசையாமல் நிற்கிறது, என்ன செய்தால் அசைகிறது என்று நிதானமாகப் பார்ப்போம். அவசரமில்லை, டீ வரட்டும்.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் பின்னம் நடக்கிறது. ஒரு சிறுமிக்குப் புரியவில்லை. கரும்பலகைக்கு வரச் சொல்கிறார்கள். கை நடுங்குகிறது, விடை தப்பாகிறது, வகுப்பு சிரிக்கிறது. "உனக்குக் கணக்கு வராது, போய் உட்காரு" என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அன்றைக்குப் புரியாமல் போனது ஒரு பாடம்தான். ஆனால் அவள் வீட்டுக்கு எடுத்துப்போனது தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்பை. அதற்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைக் கடைசியாகத்தான் திறப்பாள். பயிற்சி குறையும். மதிப்பெண் குறையும். குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து, "அன்றைக்கே சொன்னார்களே" என்று நினைத்துக்கொள்வாள். பத்தாவது முடிந்ததும் கணக்கு இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டால், அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று பார்க்கும் சந்தர்ப்பமே அவளுக்கு அப்புறம் வராது.

தொந்தரவு இங்கேதான். இருபது வருஷம் தொடாமல் விட்ட ஒன்று யாருக்கும் வராதுதான். ஆகவே முதல் நாள் வெறும் சொல்லாக இருந்தது கடைசியில் உண்மையாகவே ஆகிவிடுகிறது. "உன்னால் முடியும்மா" என்று யாராவது சொன்னால் அவள் சிரிப்பதற்குக் காரணம் அதுதான். அவளிடம் ஆதாரம் இருக்கிறது, சொல்கிறவரிடம் இல்லை.

ஆனால் அந்த ஆதாரத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதே பெண்ணை முப்பத்தைந்து வயதில் ஏலச்சீட்டு நடக்கும் வீட்டில் பாருங்கள். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. ஒருத்தர் 20,000 தள்ளி எடுக்கிறார். சீட்டுக்காரருக்கு நூற்றுக்கு ஐந்து கமிஷன், அது 5,000. மிச்சம் 15,000. அதை இருபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு 750. "அப்ப இந்த மாசம் 4,250 கட்டினா போதும்" என்று பேப்பர், பேனா இல்லாமல் சொல்லிவிட்டு எழுந்து போவாள். இதில் கழித்தல் இருக்கிறது, வகுத்தல் இருக்கிறது, சதவீதம் இருக்கிறது. இது கணக்கு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கணக்கு என்றால் அது பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். சீட்டு என்றால் அது வீட்டு விஷயம். தன்னால் முடியாது என்ற எண்ணம் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது. தனக்குச் சாதகமானதை எண்ணி வைத்துக்கொள்ளும், எதிரானதைக் கணக்கில் சேர்க்காது.

விளைவு சின்னதில்லை. இதே பெண் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது, "கணக்கெல்லாம் நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிடுவாள். இரண்டு வட்டி என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கிறது. மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம் என்று அவளுக்கு நிச்சயம் போடத் தெரியும். போட்டுப் பார்க்க மாட்டாள், அவ்வளவுதான்.

சரி, இதற்கு மருந்தாகப் பொதுவாக என்ன சொல்கிறார்கள்? காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வல்லவன், நான் வெல்வேன்" என்று பத்து முறை சொல்லச் சொல்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். தன்னை மதிக்கிறவர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொள்வதால் லேசான நன்மை இருந்தது. தன்னைக் குறைவாக நினைக்கிறவர்கள், "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் திரும்பத் திரும்பச் சொன்னபோது, முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது சேரவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. உள்ளே ஒரு எண்ணம் ஊறிக் கிடக்கும்போது அதற்கு நேர் எதிரானதைச் சொன்னால் மனசு சும்மா கேட்டுக்கொள்ளாது, வாதம் பண்ணும். வாதத்துக்குத் தேவையான பழைய தோல்விகளை எல்லாம் எடுத்து அடுக்கும். நம் ஊர் மேடைகளில் இந்தக் கண்ணாடி வித்தை இன்னமும் கைதட்டல் வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்து, அதுவும் பலிக்காமல், "எனக்கு இதுகூட வரலை" என்று இன்னும் ஒரு படி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எது பலிக்கும் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆல்பர்ட் பண்டூரா என்று ஒரு உளவியலாளர். கனடாவில் 1925-இல் பிறந்தவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து 2021-இல் காலமானார். 1960-களின் கடைசியில் அவர் பாம்புக்குப் பயந்தவர்களை வைத்துச் சில ஆய்வுகள் செய்தார். தோட்டத்தில் கால் வைக்கவே நடுங்குகிற அளவுக்குப் பயம். அவர் யாருக்கும் தைரியம் சொல்லவில்லை. விஷமில்லாத பாம்பை ஒருவர் கையாளுவதை முதலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வைத்தார். அடுத்தது கதவு வரை. பிறகு அறைக்குள். பிறகு கனமான கையுறை போட்டுக்கொண்டு, பயிற்சியாளரின் கையோடு சேர்த்துத் தொடுவது. பிறகு வெறுங்கை. சில மணி நேரத்துக்குள் அவர்களில் பெரும்பாலானோர் பாம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பண்டூராவை அதைவிடக் கவர்ந்தது வேறொன்று. பாம்புப் பயம் போனவர்களுக்குப் பாம்போடு சம்பந்தமே இல்லாத வேறு தயக்கங்களும் இளகின.

1977-இல் அவர் இதைக் கோட்பாடாக எழுதினார். "இது என்னால் ஆகும்" என்ற எண்ணம் நாலு வழியில் வருகிறது என்றார். தானே செய்து பார்த்து ஜெயிப்பது முதல் வழி, எல்லாவற்றையும்விட வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. மற்றவர்கள் சொல்லும் ஊக்கம் மூன்றாவது, இது தனியாக நின்றால் பலமில்லாதது. உடம்பு படபடக்கும்போது அதற்கு நாம் என்ன அர்த்தம் கொடுக்கிறோம் என்பது நாலாவது. நம் தன்னம்பிக்கைப் பேச்சுகள் எல்லாம் மூன்றாவதிலேயே வண்டியை நிறுத்திவிடுகின்றன.

இந்த நாலில் முதல் மூன்றும் ஒரே இடத்தில் கூடி நடந்ததைப் பார்க்க நாம் அமெரிக்கா போக வேண்டாம், புதுக்கோட்டைக்குப் போனால் போதும். 1991-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். கிராமத்துப் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. ஆனால் படிக்க வரும் பெண்ணும், படிப்பிக்கப் போகும் தொண்டரும் ஊர் விட்டு ஊர் போக யாரையாவது நம்பியே இருந்தார்கள். பஸ் வர வேண்டும், இல்லையென்றால் வீட்டு ஆண் கொண்டுபோய் விட வேண்டும். ஆகவே எழுத்தோடு சைக்கிளும் பாடத்தில் சேர்ந்தது.

அந்தக் காலத்துப் புதுக்கோட்டைக் கிராமத்தில் வயது வந்த பெண் சைக்கிள் ஏறுவது என்றால் என்ன என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பையன்கள் ஏழெட்டு வயதில் அப்பா சைக்கிளின் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்தே பழகிவிடுவார்கள். முப்பது வயதுப் பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. புடவைக் கரை செயினில் மாட்டும். விழுந்தால் தெருவே பார்க்கும். "பொம்பளைக்கு எதுக்குடி சைக்கிள்" என்பதில் தொடங்கி, காது கூசும் பேச்சு வரை கேட்க வேண்டியிருந்தது. அவர்களைப் போய்ப் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையும் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே பலர் பழகினார்கள். பழகிய பிறகு சிலருக்கு அதுவே பிடித்துப்போயிற்று, பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

முதல் நாள் நடந்தது என்னவாக இருக்கும் என்று சைக்கிள் பழகிய எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்வார். "கீழ பார்க்காத, நேரா பாரு" என்பார். ஹேண்டில்பார் ஆடும். முட்டி தேயும். நாலைந்து முறை விழுந்த பிறகு, பிடித்திருக்கிறார் என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்கையில் அவர் எப்போதோ கையை எடுத்திருப்பார். அந்தப் பத்து அடிதான் எல்லாம். அந்தப் பத்து அடிக்குப் பிறகு "எனக்கு வராது" என்று அந்தப் பெண் தன்னிடமே சொல்ல முடியாது, பொய்யாகிவிடும். இது பண்டூராவின் முதல் வழி.

இரண்டாவது வழியும் அங்கே இருந்தது. கல் குவாரியில் வேலை செய்கிறவர், வயல் வேலைக்காரர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம செவிலியர் என்று கண்ணெதிரே ஓட்டியவர்கள் எல்லாம் தன் மாதிரிப் பெண்கள். சினிமா நடிகை ஓட்டுவதைப் பார்த்து வராத தைரியம் பக்கத்து வீட்டுக்காரி ஓட்டுவதைப் பார்த்தால் வரும். பழகியவர்களே அடுத்தவருக்குக் காசு வாங்காமல் பழக்கிக் கொடுத்தார்கள். பாட்டு கட்டினார்கள், போட்டி வைத்தார்கள், அது மூன்றாவது. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று சாய்நாத் எழுதுகிறார். யாரும் முதலில் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு அப்புறம் சைக்கிள் ஏறவில்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், ஓட்டினார்கள். தைரியம் பிறகு வந்தது. தண்ணீர் எடுக்கவும், காய்கறி விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் யாரையும் கேட்க வேண்டாம் என்றான பிறகு, மற்ற விஷயங்களிலும் அவர்கள் குரல் உயர்ந்தது.

செயல் முதலில், தைரியம் பிறகு என்பதற்கு ஒரு விஞ்ஞானப் பின்கதை உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1967-இல் மார்ட்டின் செலிக்மேன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சியை அனுபவித்த நாய்களில் பல, பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தும் படுத்தே கிடந்தன. படிக்கவே மனம் வலிக்கிற சோதனை. இதற்குக் 'கற்ற இயலாமை' என்று பெயர் வந்தது, அந்தப் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷம் வெளியான பகுதியைப் பலர் சொல்வதில்லை. அந்த நாய்களைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஆசை காட்டிப் பார்த்தார்கள், அசையவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப இழுத்துப்போனபோதுதான், ஒரு கட்டத்தில் தாமாகவே தாண்டத் தொடங்கின. ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அந்த இருவருமே தங்கள் பழைய விளக்கம் தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் துவண்டு படுப்பதை யாரும் கற்றுக்கொள்வதில்லை, அது மூளையின் இயல்பான பதில். கற்றுக்கொள்ள வேண்டியது 'என் செயலால் நிலைமை மாறுகிறது' என்பதைத்தான். அதைச் செயலால் மட்டுமே கற்க முடியும்.

அப்படியானால் நாளைக்கு என்ன செய்வது? ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயது, ஏ.டி.எம். கார்டு அவர் பெயரில், ஆனால் கார்டும் ரகசிய எண்ணும் மகனிடம். "எனக்கு அந்த மிஷின் ஒத்து வராதுப்பா." இவருக்கு நிஜமாகப் பயம் எதன்மேல் என்று பொறுமையாகக் கேட்டால், மிஷின்மேல் இல்லை என்று தெரியும். பின்னால் நிற்கிற ஆள் உச்சுக்கொட்டுவார், அதுதான் பயம். கார்டு உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன பண்ணுவது, அது இன்னொன்று. இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். கூட்டமில்லாத மத்தியான வேளையில் போக வேண்டும். காவலாளி உள்ள ஏ.டி.எம். ஆக இருந்தால் நல்லது. முதல் தடவை பணமே எடுக்க வேண்டாம். கார்டைப் போட்டு, தமிழைத் தேர்ந்தெடுத்து, இருப்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அடுத்த வாரம் ஐந்நூறு ரூபாய். மகன் பக்கத்தில் நிற்கலாம், கை நீட்டக் கூடாது. இதுதான் கஷ்டம். அம்மா பொத்தானைத் தேடும் அந்த ஐந்து விநாடியை மகனால் பொறுக்க முடியாது, "தள்ளும்மா" என்று தானே அழுத்திவிடுவான். அவன் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அம்மாவின் கணக்கில் அது இன்னொரு தோல்வி. மூன்றாவது தடவை அவன் வெளியே நிற்கட்டும். நாலாவது தடவை வீட்டிலேயே இருக்கட்டும். ரகசிய எண்ணையும் அம்மா மாற்றிக்கொள்ளட்டும்.

மற்ற எதற்கும் இதே மாதிரி படியைச் சின்னதாக வெட்டலாம். அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்கப் பயப்படுகிறவர், "இனிமேல் தைரியமாகப் பேசுவேன்" என்று சபதம் போடுவதைவிட, "தலைவர் 'வேறு ஏதாவது கேள்வி உண்டா' என்று கேட்டதும், எழுதி வைத்திருக்கும் இந்த ஒரு கேள்வியைக் கேட்பேன்" என்று முடிவு செய்துகொள்ளலாம். எப்போது, எதற்குப் பிறகு, என்ன செய்வேன் என்று முன்கூட்டியே கட்டி வைத்த தீர்மானம் பொதுவான ஆசையைவிட நிறைவேற வாய்ப்பு அதிகம் என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். கேட்கும்போது நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும். பேசிப் பழகியவர்களுக்கும் படபடக்கிறது, அவர்கள் அதை அபாயம் என்று எடுத்துக்கொள்வதில்லை.

செய்ததை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதி வைப்பது மிகவும் உதவும். நடப்பதற்கு முன் என்ன ஆகும் என்று பயந்தீர்கள், நடந்த பிறகு என்ன ஆயிற்று என்ற இரண்டையும் எழுதுங்கள். பழைய எண்ணம் எதிரான ஆதாரங்களைச் சேர்க்காது என்று பார்த்தோமே, அந்த வேலையை நோட்டு செய்யும்.

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று பலர் சொல்வார்கள். நம்பி உட்கார வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் படிய 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடுமதிப்பு 66 நாள். 22-ஆம் நாள் பழக்கம் வரவில்லை என்றால் உங்கள்மேல் குற்றமில்லை. இடையில் ஒரு நாள் விட்டாலும் பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். "உன்னைத் தடுப்பது நீயேதான்" என்று மேடையில் முழங்குவது பாதிப் பொய். புதுக்கோட்டைப் பெண்களின் தயக்கத்தை அவர்களே செய்து வைத்துக்கொள்ளவில்லை, ஊர் அவர்கள் தலையில் ஏற்றியது. அது இறங்கியதும் அவர்களுடைய மன உறுதியால் மட்டுமில்லை. ஆட்சியர் துணை நின்றார், தொண்டர்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கிடைத்தது, பழக்கிக் கொடுக்க ஆள் இருந்தார்கள், கூட்டமாகப் பழகியதால் கேலியும் பங்கு போட்டுக்கொள்ளப்பட்டது. சைக்கிளே இல்லாதவரிடம் தன்னம்பிக்கை பேசுவது அநியாயம். ஒருவர் "என்னால் ஆகாது" என்றால், அதில் எவ்வளவு பயம், எவ்வளவு நிஜமான தடை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பஸ் இல்லாத ஊருக்கு பஸ்தான் தேவை. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

இவ்வளவு பேசியதில் ஒன்று மட்டும் இந்த வாரமே செய்யக் கூடியது. உங்கள் அம்மாவின் ஏ.டி.எம். கார்டு உங்கள் பர்ஸில் இருந்தால் அவரிடம் திருப்பிக் கொடுங்கள். ஒரு மத்தியானம் அவரோடு கூடப் போங்கள். அவர் பொத்தானைத் தேடும்போது, தயவுசெய்து, பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள்.